மூக்குத்தியைப் பிடித்துக்கொண்ட வட்டம்

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வீடியோ இருக்கும். யாரோ போனில் அவசரமாக எடுத்தது. இன்று நம்மோடு இல்லாத ஒருவர் அதில் சிரித்துக்கொண்டிருப்பார். ஆனால், முகம் சரியாகத் தெரியாது.

என்னிடம் இருப்பது 20 விநாடி. 2019-ம் வருட மாங்கனித் திருவிழா. காரைக்கால்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆனிப் பௌர்ணமியை ஒட்டி, காரைக்கால் அம்மையார் கதையை ஊரே சேர்ந்து நடத்திப் பார்க்கும் விழா அது. பிட்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். கீழே நிற்பவர்கள் பிடிப்பார்கள். தலையில் வாங்கிக்கொண்டு சிரிப்பவர்களும் உண்டு.

அம்மா மாடிக் கைப்பிடிச் சுவரோரம் நிற்கிறாள். குனிந்து கூடையிலிருந்து பழம் எடுக்கிறாள், வீசுகிறாள், திரும்பிச் சிரிக்கிறாள். எடுத்தவன் அக்கா பையன். அம்மாவுக்குப் பின்னால் சுள்ளென்று வெயில். போன் கேமரா வானத்துக்குத் தகுந்தபடி வெளிச்சத்தை அளந்துகொண்டதில், அம்மா முகம் இருட்டாகிவிட்டது. அடுத்த வருடம் அம்மா போய்விட்டாள்.

கல்யாண வீடியோக்களுக்கு எடிட்டிங் செய்யும் உள்ளூர்த் தம்பி ஒருவனிடம் அதை எடுத்துப் போனேன். "முகம் மட்டும் தெரியணும், முடியுமா?"

"ஈஸி சார்" என்றான்.

அவன் திறந்தது டாவின்சி ரிசால்வ். ஒரு காலத்தில் பெரிய ஸ்டுடியோக்கள் மட்டுமே வைத்திருந்த சரக்கு. 2009-ல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் வாங்கிய பிறகு இலவசப் பதிப்பும் வந்துவிட்டது. அதனால்தான் சின்ன ஊர்க் கடைக்கும் வந்திருக்கிறது.

முதலில் மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கிக் காட்டினான். அம்மா தெரிந்தாள். ஆனால் வானம், சலவைக்குப் போய்வந்த வேட்டி மாதிரி வெளுத்துவிட்டது. அதனால் அம்மா முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். இதற்குப் பெயர் மாஸ்க். வட்டத்துக்குள் மட்டும் வெளிச்சம் கூடும். ஓரம் தெரியாதபடி விளிம்பை மெல்லக் கரைத்துவிடலாம். பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் இருட்டறையில் குச்சி நுனியில் ஒட்டிய அட்டைத் துண்டை ஆட்டி ஆட்டி, பிரிண்டில் முகம் மட்டும் கறுத்துவிடாமல் காப்பாற்றுவார்களே, அதே வித்தைதான்.

போட்டோவில் முகம் நகராது. வீடியோவில் அம்மா நிற்கிறாளா என்ன? அவள் குனிந்ததும் வட்டம் மட்டும் அந்தரத்தில் நின்றது. முகத்துக்குப் பதில் வானத்தில் ஒரு பளபளப்பு.

நான் பி.காம். படித்தவன். கை தானாகப் பெருக்கியது. விநாடிக்கு 30 பிரேம், 20 விநாடிக்கு 600. அறுநூறு முறை வட்டத்தை நகர்த்துவதா?

தம்பி ஒரு பொத்தானை அமுக்கினான். வட்டம் அம்மா முகத்தோடு நடக்க ஆரம்பித்தது! அதுதான் டிராக்கிங். கம்ப்யூட்டருக்கு அம்மாவும் தெரியாது, முகமும் தெரியாது. வட்டத்துக்குள் இருட்டும் வெளிச்சமும் பளிச்சென்று மாறுகிற புள்ளிகளாகத் தேடிப் பிடிக்கும். கண்ணோரம், பொட்டு, புடவைக் கரை. அடுத்த பிரேமில் அதே புள்ளிகள் எங்கே போயின என்று பார்த்து, வட்டத்தையும் அந்த அளவுக்கு நகர்த்தும், திருப்பும், பெரிதாக்கும். வழவழப்பான கன்னத்தில் அதற்குப் பிடி கிடைக்காது. அம்மா விஷயத்தில் நல்ல பிடியாக இருந்தது அவள் மூக்குத்தி. வெயிலில் மின்னிக்கொண்டே இருந்ததே!

இந்த வித்தைக்கு ஒரு பாட்டி உண்டு. 1981-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் புரூஸ் லூகாஸ், டக்கியோ கனடே என்ற இருவர், இரண்டு படங்களைப் புள்ளிக்குப் புள்ளி பொருத்திப் பார்க்க ஒரு கணக்கு எழுதினார்கள். அதன் பேரன் பேத்திகள்தான் இன்றைய டிராக்கர்கள் பலவும்.

பாதி வழியில் ஒரு தடங்கல். பக்கத்து வீட்டு அத்தை கூடையிலிருந்து பழம் எடுக்கக் குறுக்கே கையை நீட்டினார். வட்டம் சட்டென்று அந்தக் கையில் தொற்றிக்கொண்டு போய்விட்டது. திருவிழாக் கூட்டத்தில் அம்மா முந்தானை என்று நினைத்து யாரோ ஒருத்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போகும் குழந்தை மாதிரி. நானும் ஒருமுறை போயிருக்கிறேன்.

தம்பி பதறவில்லை. கை வருவதற்கு முந்தின பிரேமில் நிறுத்தினான். கை விலகிய இடத்திலிருந்து மறுபடி ஓடவிட்டான். நடுவில் இருந்த கொஞ்ச பிரேம்களுக்கு மட்டும் வட்டத்தைத் தன் கையால் முகத்தில் வைத்தான். மெஷின் கோட்டைவிட்ட இடத்தில் மனுஷக் கை.

பிறகுதான் அவன் கேட்டான்: "அம்மா ஃபேஸைக் கொஞ்சம் ஃபேர் பண்ணிடவா சார்? கல்யாண வீட்டுல கேக்காமலே பண்ணிடுவோம்."

எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறான் பாருங்கள்! அழகு வேண்டாம், பேய் உருவம் கொடு என்று சிவனிடம் கேட்டு வாங்கியவளுக்குக் கோயில் இருக்கும் ஊர். 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லியே 2020-ல் தன் பெயரிலிருந்து ஃபேரைக் கழற்றிவிட்டது.

அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. என் கல்யாண ஆல்பத்தில் குடும்பமே சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். காசு கொடுத்தவன் நான். அன்றைக்கு அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்: "இதுல நான் எங்கடா இருக்கேன்?" நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அம்மா சிரித்த மாதிரி ஞாபகம் இல்லை.

"வேண்டாம் தம்பி. நிறத்தைத் தொடாதே. நிழலை மட்டும் எடு."

"அப்ப கறுப்பாவே இருக்கட்டுமா சார்?"

"கறுப்பு வேற, இருட்டு வேறப்பா."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். பிறகு நிழலை மட்டும் மெதுவாக உயர்த்தினான். கழுத்தோரம் புள்ளி புள்ளியாக இரைச்சல் கிளம்பியது. கேமரா பதியாததை எந்த மென்பொருளும் முழுசாகத் திருப்பித் தராது. இருந்தாலும் அம்மா வந்துவிட்டாள். அதே நிறம், அதே மூக்குத்தி, கன்னத்து மரு உட்பட.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கும் உங்கள் அம்மாவை அடுத்த முறை எடுக்கும்போது, போன் திரையில் அவள் முகத்தை விரலால் ஒருமுறை தொடுங்கள். போன் வானத்தை விட்டுவிட்டு அவளுக்கு வெளிச்சம் அளக்கும்.

வானம் கொஞ்சம் வெளுத்தால் வெளுத்துவிட்டுப் போகட்டும்.