மலைநிழலும் மணநாளும்

மணநாள் குறிப்பதற்குப் பஞ்சாங்கம் பார்ப்பார் பலர். ஓலை வாசிக்கும் ஞாயிறுகளை எண்ணுவார் எம்போல்வார். சூரியன் மறையும் வேளையைக் கணக்கிட்டு நாள் குறித்த குடும்பம் எமதொன்றேயோ என ஐயுறுகின்றோம். சென்ற குளிர்காலத்தில் எம் தமக்கையார்க்குத் திருவண்ணாமலையில் திருமணம் நிகழ்ந்தது. அந்நாளின் நேர ஒழுங்கை வகுக்கும் பொறுப்பு எம்மிடம் வந்து சேர்ந்தது. பருவத் தேர்வு முடித்து வீட்டில் வாளா இருந்தவர் யாமே என்பதன்றி அதற்கு வேறு காரணம் இல்லை.

எம் பாட்டனார்க்கு வயது எண்பத்தாறு. அவர் வீட்டுப்படி இறங்கி ஈராண்டாயிற்று. நாற்காலியோடு தூக்கி ஆலயத்திற்குக் கொண்டு செல்வோம் என்றார்க்கு, "பேத்தி கல்யாணத்துக்கு மூட்டையாகப் போகமாட்டேன்" என்று ஒரே சொல்லில் விடை கூறிவிட்டார். ஆதலின், மணமக்கள் ஆலயத்தினின்று நேரே வீட்டிற்கு வந்து, திண்ணையில் அவர் மருங்கமர்ந்து, பகலொளியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளல் வேண்டும் என்பது தமக்கையாரின் விருப்பம். பகலொளி ஏன் எனின், படமெடுக்கும் கருவியின் மின்வெட்டொளி பட்டால் பாட்டனார் கண்களை இறுக மூடிக்கொள்வார். மூன்றாண்டுக்கு முன் உறவினர் மணமொன்றில் எடுத்த படம் அத்தனையிலும் அவர் உறங்குவார் போலவே காணப்படுகின்றார்.

மாப்பிள்ளை வீட்டார் கடலூரினர். கிறிஸ்து வருகைக் காலம் தொடங்கிவிடின் எம் சபையில் மணம் செய்விப்பதில்லை. ஆகவே நவம்பர் மாத இறுதிக்குள் முடித்துவிடலாம் என்றனர். யாம் இசைந்திலோம். அது கார்த்திகைத் தீபத்தை அடுத்த காலம். 2024-இல் டிசம்பர் 13-ஆம் நாளிலும், 2025-இல் டிசம்பர் 3-ஆம் நாளிலும் தீபம் வந்தது. அந்நாட்களில் இலக்கக் கணக்கான மக்கள் கூடுமிடத்து, கடலூர் வண்டி ஊர் எல்லையிலேயே நின்றுவிடும். மழையும் அப்பருவத்ததே, 2024 டிசம்பர் 1-ஆம் நாள் மலையடிவாரத்தில் மண் சரிந்து எழுவர் மாண்டதை ஊரார் மறந்திலர்.

இவற்றிற்கும் மேலாக அந்தி வேளை ஒன்று உண்டு. டிசம்பர் 21-ஐ ஒட்டி வருவதே ஆண்டின் மிகக் குறுகிய பகல் என்று பள்ளியிற் படித்திருக்கின்றோம். ஆயின், சூரியன் மிக முந்தி மறைவது அன்றன்று. எம்மூரில் அது நவம்பர் மூன்றாம் வாரத்தையொட்டியே நிகழ்ந்துவிடுகின்றது. அப்பொழுது ஏறக்குறைய மாலை 5.45-க்குப் பொழுது சாய்கின்றது; டிசம்பர் 21-இல் 5.54, ஜனவரி 20-இல் 6.10. பூமியின் அச்சுச் சாய்வாலும், அது சூரியனைச் சுற்றும் வேகம் ஒரு சீராக இராமையாலும், உண்மையான நண்பகல் கடிகாரத்தின் நண்பகலோடு ஒத்து நில்லாது, நவம்பரில் 11.59-க்கு வரும் உச்சி, ஜனவரி 20-இல் 12.25-க்கு வருகின்றது. மாலையும் அதனொடு பின்னே தள்ளிப்போகின்றது. இலண்டன் மாநகரில் டிசம்பர் நடுவில் நாலு மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும் என்பதை நோக்க, இருபத்தைந்து நிமிடத்திற்கு யாம் வாதாடியது நகைப்பாகத் தோன்றலாம். எமக்கு அந்த இருபத்தைந்து நிமிடமே பெரிதாயிருந்தது. பொங்கல் கழிந்த வாரத்தில், பௌர்ணமிக் கிரிவல நாளுக்கும் விலகி, நாள் குறிக்கப்பெற்றது.

இனி மலை. திருக்கோயிலும் பழைய நகரமும் மலையின் கிழக்கடியில் உள்ளன. எம் வீடோ மலைக்கு வடகிழக்கே, போளூர் சாலையை அடுத்துள்ளது. குளிர்காலத்துச் சூரியன் நேர்மேற்கில் மறைவதில்லை. ஜனவரி நடுவில் இருபது பாகைக்கு மேல் தெற்கே ஒதுங்கி மறைகின்றது. எம் திண்ணையிலிருந்து நோக்கின், மலை நிற்பதும் அத்திசையே. அடிவானத்தினின்று பத்துப் பாகை உயர்ந்த மலைவிளிம்பு ஏறக்குறைய முக்கால் மணி நேர வெயிலை விழுங்கும். யாம் நான்கு மாலை திண்ணையில் அமர்ந்து குறித்துப் பார்த்தோம். பஞ்சாங்கம் கூறும் அத்தமன வேளைக்கு ஐம்பது நிமிடம் முன்னரே எம் தெருவில் வெயில் இல்லை.

மாப்பிள்ளையின் தாய்மாமனார் ஆராதனையை மாலை ஐந்தரைக்கு வைக்கலாம் என்றார். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவர் திருமணச் சட்டம் காலை ஆறு முதல் மாலை ஏழு மணி வரை மணம் நடத்த இடந்தருகின்றது என்பதையும் எடுத்துக் காட்டினார். சட்டம் விடினும் சூரியன் விடான் என்றோம். பிற்பகல் இரண்டரை மணி என்று யாம் சொன்னதும், "சாப்பிட்டுத் தூங்கும் நேரமடா" என்று அன்னையார் வருந்தினார். போதகர் ஐயா உடனே இசைந்தார். பிரசங்கத்தைக் குறைக்குமாறு அவரைக் கேட்கத் துணிவின்றி, கால்மணி கூட்டியே கணக்கிட்டோம். ஆலய வாயிலில் உறவினர் கூடி எடுக்கும் படங்களே காலத்தை உண்பவை. ஆதலின் இன்னார் இன்னாரோடு என்று பன்னிரண்டு வரிசை எழுதி, அதற்கு மேல் ஒன்றும் கூடாதென்று அத்தையார் கையில் கொடுத்தோம். அத்தையார்க்கு எதிர்ச்சொல் சொல்வார் எம் குலத்தில் இல்லை.

புகைப்படக்காரர் உள்ளூரினர். வெயில் போகுமே என்று யாம் பதைத்ததைக் கேட்டு அவர் சிரித்தார். "போகட்டும் தம்பி, வெயில் இருந்தால் பெரியவர் கண்ணைச் சுருக்குவார். மலைநிழல் விழுந்த பிறகு வானமே விளக்கு" என்றார். வெயில் மறைந்தும் ஒளி மறையாத அந்த ஒரு மணி நேரத்தை, அத்தனை கணக்கிலும் யாம் இழப்பாகவே எழுதிவைத்திருந்தோம். சூரியன் அடிவானம் புக்க பின்னரோ நிலைமை வேறு. எம் நாட்டில் அந்தியொளி ஏறக்குறைய இருபத்துமூன்று நிமிடத்தில் மங்கிவிடும்.

அன்று, பதிவேட்டிற் கையொப்பமிட வேண்டிய சாட்சி ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் தேடியதிற் சிறிது காலம் போயிற்று. மணமக்கள் வீடு வந்தபொழுது மணி 5.25, தெரு முழுவதும் மலைநிழல். பாட்டனார் வெள்ளை வேட்டியோடு அமைந்தாரல்லர். பெட்டியடியிற் கிடந்த கோட்டு வேண்டுமென்றார். அதைத் தேடி, உதறி, பொத்தானிட்டு அமரும்போது 5.40. பதினைந்து நிமிடத்தில் பத்துப் படம். அவற்றுள் ஏழில் அவர் கண்கள் நன்கு திறந்துள்ளன. ஒன்றில் தமக்கையாரின் கைவளையைத் தொட்டு ஏதோ கேட்கின்றார்; பின்னே மலை கருநீலமாய் நிற்கின்றது. அதனையே பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கின்றோம்.

இரவு வரவேற்பில் மின்விளக்கொளியில் எடுத்தவை எண்ணூறு படம். அவற்றை இதுவரை எவரும் முழுவதும் பார்த்திலர்.