துருவிச் சாப்பிடும் உப்பு!

பிலிப்பைன்ஸின் போஹோல் தீவில் ஓர் உப்பு உண்டு. பெயர், ‘அசின் திபுவோக்’. உடையாத முழு உப்பு என்று பொருள். பாதி உடைந்த மண்சட்டிக்குள் பெரிய முட்டைபோல உட்கார்ந்திருக்கும். அதைத் துருவி, சுடுசோற்றில் தூவிச் சாப்பிடுவார்கள். லேசான புகைமணம் நாக்கில் நிற்கும்.

இதைச் செய்யப் பொறுமை வேண்டும். தேங்காய் மட்டைகளைக் கடல்நீரில் மாதக்கணக்கில் ஊறப்போட வேண்டும். பிறகு வெட்டி, காயவைத்து, நாள்கணக்கில் மெதுவாக எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அந்தச் சாம்பல் வழியே கடல்நீரை ஊற்றினால் கெட்டியான உப்புநீர் வடியும். அதை மண்சட்டிகளில் விட்டுக் காய்ச்சுவார்கள். வற்ற வற்ற மேலும் ஊற்றுவார்கள். கடைசியில் உப்பு கல்லாய் இறுகிவிடும். அனலில் சட்டி விரிசல் விடும்.

ஒரு காலத்தில் இந்த உப்பைக் கொடுத்து நெல் வாங்கியவர்கள் உண்டு. 1995-ல் ஒரு சட்டம் வந்தது. உணவு உப்பில் அயோடின் கட்டாயம் என்றது. முன்கழுத்துக் கழலை போன்ற அயோடின் குறைபாட்டு நோய்களைத் தடுக்க வந்த நல்ல சட்டம்தான். ஆனால், அடுப்படியில் உப்புக் காய்ச்சும் குடும்பங்களால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. மலிவான ஆலை உப்பும் போட்டிக்கு வந்தது. பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போனார்கள்.

அல்புர்கெர்கே என்ற ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள் மட்டும் தொழிலை விடவில்லை. இன்று வெளிநாட்டுச் சமையல் கலைஞர்களும் இதைத் தேடி வாங்குகிறார்கள்.

வாங்க ஆள் வந்தாயிற்று. மட்டை ஊறப்போடவும், அடுப்பருகே புகையில் நிற்கவும்தான் இளையவர்கள் வேண்டும். சட்டி உடைந்தால் வேறு வனைந்துகொள்ளலாம். கைப்பக்குவம் போனால், அதை எந்தக் கடையில் வாங்குவது?