ஏழு இழை, எட்டு வெட்டு

மந்திரகோடி கட்டிலில் விரிந்து கிடக்கிறது. சந்தன நிறப் பட்டு. மாப்பிள்ளை வீட்டார் எடுத்தது. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று நாள். மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் ஒரு பழைய வீடு. மாப்பிள்ளையின் தங்கை புடவையின் ஓரத்தில் ஊசி முனையை நுழைத்து ஓர் ஊடை இழையை உருவுகிறாள். பாதி வந்ததும் இழை அறுகிறது.

“மெதுவா, மோளே. பட்டுக்கு அவசரம் ஆகாது” என்கிறார் அம்மச்சி.

கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் கல்யாணத்தில் மோதிரத்தோடு வேலை முடிவதில்லை. மணமகன் மின்னு கட்ட வேண்டும். தாலிதான் அது. இலை வடிவப் பொன் தகட்டின் மேல் துளித்துளியான பொன்மணிகளால் ஆன சிலுவை இருக்கும். அதைக் கட்டுவது சங்கிலியில் அல்ல, மந்திரகோடியில் இருந்து உருவிய ஏழு இழைகளைச் சேர்த்த சரட்டில். கட்டிய பிறகு அதே புடவையை மணமகள் தலையில் போர்த்துவார்கள். இந்த வட்டாரத்தில் தாலி யாருக்கும் அந்நியமில்லை. கொச்சி யூதப் பெண்களும் அணிந்திருக்கிறார்கள். 1344-ல் எழுந்த யூத ஜெப ஆலயம் நின்றது இதே கொச்சங்காடியில்தான். ஆலயம் இன்றில்லை, அதன் கல்வெட்டு மட்டும் பரதேசி ஜெப ஆலயத்தில் இருக்கிறது.

சரடு செய்வது மாப்பிள்ளை வீட்டுப் பெண்களின் வேலை. அம்மச்சியின் காலத்தில் இழைகளைத் தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டி முறுக்குவார்கள். பேத்திக்கு அதில் நம்பிக்கையில்லை. முறுக்கிய பட்டு, பிடி தளர்ந்தால் பிரிந்துகொள்ளும். பலிபீடத்தின் முன் அண்ணனின் விரல்கள் நடுங்கி, முடிச்சு நழுவி, மின்னு தரையில் விழுந்தால்? நகைக்கடையில் ஆயத்தச் சரடு கிடைக்கும், வாங்கிவிடலாம் என்று அண்ணன் சொல்லியாகிவிட்டது. அவள் கேட்கவில்லை.

அவளுக்குக் கை தெரிந்த வித்தை வேறு: குமிஹிமோ. ‘சேர்த்துப் பின்னிய கயிறு’ என்று பொருள்படும் ஜப்பானியச் சொல். சாமுராய்களின் கவசத் தகடுகளைப் பிணைத்தவை, வாள்பிடியைச் சுற்றியவை இந்தக் கயிறுகள். 1876-ல் பொது இடங்களில் வாள் அணிவது தடை செய்யப்பட்டதும், கைவினைஞர்கள் கிமோனோவின் இடைப்பட்டைக்கு மேல் கட்டும் கயிற்றின் பக்கம் திரும்பினார்கள். அங்கே நடுவில் துளையுள்ள வட்ட மர மேடையில், கனமான உருளைகளில் நூல் சுற்றிப் பின்னுவார்கள். அவளிடம் இருப்பதோ உள்ளங்கையை விடச் சற்றே பெரிய ஸ்பாஞ்சு வட்டு. விளிம்பில் 32 வெட்டுகள், எட்டு நூல்கள். அதில் தோழிகளுக்கு மணி வைத்த வளையல்கள் செய்து கொடுத்திருக்கிறாள்.

மணி வைப்பதில்தான் சூட்சுமம். பின்னத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு நூலிலும் மணிகளைக் கோர்த்துவிட வேண்டும். நடுவில் சேர்க்க முடியாது. நூலை எடுத்து எதிர்ப்பக்கம் கொண்டுபோகும்போது ஒரு மணியை மட்டும் நடுத்துளை வரை தள்ளி, குறுக்கே ஓடும் நூலின் அடியில் செருக வேண்டும். செருகாத மணி மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அதைக் கவனிக்காமல் நாலு சுற்று போய்விட்டால் நாலு சுற்றையும் பிரிக்க வேண்டியதுதான். அவள் பிரித்திருக்கிறாள், அழுதுகொண்டே.

சரட்டுக்கு மணி வேண்டாம், மின்னிலேயே மணி இருக்கிறது. சிக்கல் எண்ணிக்கையில் வந்தது. அவள் பழகிய பின்னலுக்கு எட்டு நூல். “ஏழுதான். எட்டாவது இழை எந்த வீட்டிலேயும் கிடையாது” என்றார் அம்மச்சி. ஜப்பானுக்காக ஏழு எட்டாகாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

வழி ஓர் அட்டையில் கிடைத்தது. மிஞ்சிய கல்யாணப் பத்திரிகைகள் இரண்டை ஒட்டி, வட்டமாக வெட்டி, நடுவே துளையிட்டு, விளிம்பில் எட்டு வெட்டுகள் போட்டாள். ஏழில் ஏழு இழைகள், ஒன்று காலி. காலியிடத்தைத் தன் பக்கம் திருப்பி, அதிலிருந்து மூன்றாவது இழையை எடுத்து, இரண்டைத் தாண்டிக் காலியில் போட வேண்டும். இப்போது புதிதாக ஓரிடம் காலி. அட்டையைத் திருப்பி மறுபடி மூன்றாவது. எப்போதும் ஒரே திசையில். துளைக்குக் கீழே உருண்டையான சரடு மெல்ல இறங்கும்; கையை விட்டாலும் பிரியாது. பள்ளிப் பிள்ளைகள் நட்புக் கயிறு பின்னும் முறைதான் இது.

ஒற்றை ஊடை இழை மயிர் போல மெல்லியது. அதனால் ஒவ்வொன்றையும் மூன்றாக எடுத்தார்கள். மொத்தம் இருபத்தொரு முறை உருவல். புடவையின் அகலம்தான் இழையின் நீளம், ஒன்றேகால் கஜம் இருக்கும். பின்னும்போது அதிலும் ஒரு பங்கு குறையும். கழுத்தைச் சுற்றி முடிச்சுக்கு மிஞ்ச வேண்டும். அன்று இரவு அவள் இரண்டு முறை அளந்து பார்த்தாள்.

மறுநாள் அம்மச்சி பக்கத்தில் உட்கார்ந்து, 1653 ஜனவரி 3-ம் தேதி இதே மட்டாஞ்சேரியில் நடந்த கூனன் குரிசு சத்தியத்தைப் பற்றிப் பேசினார். போர்த்துக்கீசியப் பாதிரிமாருக்கு இனி அடங்குவதில்லை என்று அன்று கூட்டம் ஆணையிட்டது. எல்லோருடைய கையும் சிலுவைக்கு எட்டாது. அதனால் சிலுவையில் கயிறுகளைக் கட்டி, அவற்றைப் பிடித்தபடி ஆணையிட்டார்களாம். “அந்தக் கயிறு முறுக்கினதா, பின்னினதா அம்மச்சி?” என்றாள் பேத்தி. கிழவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கல்யாணத்தன்று மணமகளின் பின்னால் நின்று முக்காட்டை விலக்கிப் பிடித்தது அவள்தான். அண்ணனின் விரல்கள் நடுங்கத்தான் செய்தன. முதல் முடிச்சு வழுக்கியது. சரடு பிரியவில்லை. இரண்டாவது முடிச்சு நின்றது.

ஒரு வாரத்தில் மின்னு பொன் சங்கிலிக்கு மாறியது. சரட்டை என்ன செய்வதென்று அண்ணி கேட்டாள். அம்மச்சி தன் பெட்டியைத் திறந்து, பழுத்துப் பழுப்பேறிய இன்னொரு சரட்டை எடுத்துக் காட்டினார். அறுபது வருஷத்துக்கு முன் அவருடைய நாத்தனார் முறுக்கியது. முறுக்கு பாதி பிரிந்திருந்தது.