முதல் வாய்

பெங்களூரில் ஒரு ப்ரூபப். கடைக்குள்ளேயே பீர் காய்ச்சி விற்கிற இடம். கண்ணாடிக்குப் பின்னால் பெரிய பெரிய எவர்சில்வர் அண்டாக்கள். கூட வேலை பார்க்கிறவருக்குப் பிரிவு விருந்து. ஏழு பேர் போயிருந்தோம். மூன்று பேருக்கு பீர் ஆகாது, ஒயின்தான் வேண்டும் என்றார்கள். மேலதிகாரி அட்டையை என் பக்கம் தள்ளினார். "நீதான் திராட்சை ஊர்க்காரனாச்சே, எது நல்லாயிருக்கும்னு பாத்துச் சொல்லு."

திராட்சை ஊர்தான். கம்பம் பள்ளத்தாக்கு. ஆனா தோட்டம் எங்களுக்குக் கிடையாது. எங்கம்மா அங்க கூலி. பன்னீர் திராட்சைக் கொத்தை வெட்டி, அழுகலையும் வெடிச்சதையும் கழிச்சுப் பெட்டியில் அடுக்குவாள். அவள் கண்ணும் கையும் சொன்னதுதான் முடிவு. அதை நம்பித்தான் லாரி ஏறும். அதே தோட்டத்தில் அவள் தண்ணி கேட்டால் கையைக் குவிக்கணும், மேலேயிருந்து ஊத்துவார்கள். அந்தத் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழத்துக்கு ஊர்ப் பெயர் வந்தது. அதைக் கழிச்சு அடுக்கின கைக்கு எந்தப் பேரும் வரவில்லை.

அட்டையில் பீர் முன்பக்கம் முழுக்க. ஒயினுக்குக் கடைசியில் அரைப் பக்கம். நாசிக்கிலிருந்து சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. நந்தி மலைப் பக்கத்துச் சிவப்பு ஒன்று. கோவாவின் இனிப்புப் போர்ட். எல்லாவற்றுக்கும் மேல் விலையில் ஒரு பிரெஞ்சு போர்டோ. போர்டோ எனக்குப் பழகின பெயர். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் திராட்சைக்கு அடிக்கிற மருந்து போர்டோ கலவைதான். பிரான்சில் அந்த ஊர்ப் பக்கம் கண்டுபிடித்தது. மருந்தடிச்ச நாளெல்லாம் எங்கம்மா விரல் நீலமாக இருக்கும். அந்த மேசையில் போர்டோ என்றால் அந்த நீலம் எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

நந்தி மலைச் சிவப்பில் மூன்று கிளாஸ் சொன்னேன். சப்ளை செய்கிற பையன் திறந்திருந்த பாட்டிலைக் கொண்டு வந்தான். என் கிளாஸில் ஒரு வாய் அளவு ஊற்றிவிட்டுக் கையைக் கட்டி நின்றான். சொன்னவன் முதலில் குடித்துப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் மற்றவர்களுக்கு ஊற்றுவான். அது வழக்கமாம். ஆறு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

மூக்கருகே கொண்டு போனதுமே தெரிந்துவிட்டது. காடி நாத்தம். தோட்டத்து ஓரம் கழிச்சுக் கொட்டின பழம் மூணு நாள் வெயிலில் கிடந்தால் வருகிற அதே நாத்தம். திறந்த ஒயினில் காத்துப் பட்டால் நாலைந்து நாளில் புளிக்க ஆரம்பித்துவிடும். பீர் அங்கேயே காய்ச்சி அன்றாடம் ஓடுகிறது. ஒயினை யாரும் கேட்பதில்லை. கிளாஸ் கணக்கில் விற்கத் திறந்த பாட்டில் அப்படியே கிடக்கும். இப்படிப்பட்ட கடையில் ஒயினை எடைபோட அட்டையில் எத்தனை பெயர் என்று எண்ணக் கூடாது. பாட்டில் என்றைக்குத் திறந்தது என்று கேட்கணும்.

தெரிந்தும் வாய் வரவில்லை.

எங்க ஊர்ப்பக்கம் டீக்கடையில் எங்களுக்குத் தனி டம்ளர். குடிச்சுட்டு நாமே கழுவிக் கவுத்தணும். ஒருநாள் பால் திரிஞ்ச டீ. எங்கய்யா முழுசாக் குடிச்சார். "ஏன்யா சொல்லல?"ன்னு கேட்டேன். "குடுக்கிறதே பெருசு. அதுல நொட்டைச் சொல்லு வேறயா?" என்றார். கொடுத்த காசு எங்க காசு. ஆனா நல்லாயில்லைன்னு சொல்கிற உரிமை அந்தக் காசில் சேர்த்தி இல்லை. தனி டம்ளர் எச்சிலைப் பிரித்ததோடு நிற்கவில்லை. எங்கய்யாவின் நாக்கிலிருந்து தீர்ப்பையும் பிடுங்கிக்கொண்டது.

கிளாஸைக் கீழே வைத்தேன். "இது புளிச்சிருச்சு. எப்பத் திறந்தது?"

மேலதிகாரி சிரித்தார். "ஒயின்னா அப்படித்தான்பா இருக்கும்."

"இல்ல சார். இது கெட்டுப் போச்சு."

பையன் மெதுவாச் சொன்னான்: "வெள்ளிக்கிழமை திறந்தது சார்." அன்றைக்குப் புதன்.

புதுப் பாட்டில் வந்தது. அலமாரியிலேயே இருந்ததால் சூடு ஏறியிருந்தது. ஐஸ் வாளியில் பத்து நிமிஷம் வைக்கச் சொன்னேன். பிறகு நல்லாவே இருந்தது. காரமான கோழிக்கு ஒத்துப் போனது. அரைப் பக்க அட்டையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வைத்துக் காக்கிறதில்தான் குறை.

கை கழுவப் போனபோது பையனைப் பார்த்தேன். திருவண்ணாமலைப் பக்கமாம். "தம்பி, அந்தப் பாட்டிலுக்கு உன் சம்பளத்துல பிடிப்பாங்களா?"

"இல்லண்ணே. கழிவுக் கணக்குல எழுதிருவாங்க. நாலு நாளா அதைத்தான் ஊத்திட்டிருக்கேன். யாரும் ஒண்ணும் சொல்லல."

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "புளிச்சதுன்னு மோந்ததுமே தெரியுமேடா, அதுக்கா ஒரு கூட்டம்?" என்றாள். கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: "சொன்னியா?"

"சொன்னேம்மா."

"ம்" என்றாள்.