காலம் எழுதும் தீர்ப்பு

ஆசிரியப் பணியினின்று ஓய்வுபெற்றபின் பிரான்சு நாட்டின் போர்தோ நகருக்குச் சென்றிருந்தேன். அங்கே நண்பர் ஒருவர் தம் நிலவறையிலிருந்து பழைய செந்நிறத் திராட்சை இரசம் ஒரு புட்டி கொணர்ந்தார். மெழுகுதிரியின் ஒளியில், அடிமண்டி கலங்காதவாறு மெல்லக் குடுவையில் வார்த்தார். இளமையில் கருஞ்சிவப்பாயிருந்த இரசம் செங்கல் நிறம் அடைந்திருந்தது.

திராட்சையின் தோலும் விதையும் தரும் துவர்ப்பே இதை நெடுநாள் காக்கிறது என்றார் நண்பர். ஆண்டுகள் செல்லச்செல்லத் துவர்ப்புப் பொருள்களும் நிறப்பொருள்களும் இணைந்து அடியில் படிகின்றன. கடுமை தணிந்து மென்மை பிறக்கிறது.

ஒரே தோட்டமாயினும் ஆண்டுக்கு ஆண்டு சுவை வேறு. 1961-இல் உறைபனியும் பூக்கும் பருவத்துக் குளிரும் விளைச்சலைக் குறைத்தன. எஞ்சிய கனிகளோ அந்நூற்றாண்டின் தலைசிறந்த இரசங்களைத் தந்தன. 1975-இன் இரசத்தைப் பலர் போற்றினர். ஆனால், பல புட்டிகளில் துவர்ப்புத் தணியுமுன்பே கனிச்சுவை வாடிற்று. 1982-இன் இரசம் மிக மென்மையானது, நிலைக்காது எனச் சிலர் ஐயுற்றனர். அவற்றுள் சிறந்தவை நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் நிற்கின்றன. விளைந்த உடனேயே தீர்ப்பு எழுதுவோர் தவறிவிடுவதுண்டு.

அப்போது என் உள்ளத்தில் ஒரு முகம் தோன்றியது. பதினான்கு வயதில் முரடனாயிருந்த ஒரு மாணவனின் முன்னேற்ற அறிக்கையில், 'இவன் தேறமாட்டான்' என்று எழுதியவன் நான். பின்னாளில் என் மனைவி நோயுற்றபோது, இரவெல்லாம் கண்விழித்து உடனிருந்தவன் அவனே. பழையதை அவன் நினைவூட்டவில்லை; நானும் பேசவில்லை.

ஊர் திரும்பியதும் அவனுக்குக் கடிதம் எழுதினேன். முப்பது ஆண்டுகள் பிந்திய திருத்தம் அது.