வெளுத்த சுங்குடி

எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரர் மேல் நான் பழி போட்டேன். தெரிந்தே போட்டேன்.

கிறிஸ்துமஸ் சமயம். எதிர்வீட்டில் கம்பம் பன்னீர் திராட்சையில் போட்ட ஒயினைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருந்தார்கள். மனைவி வீட்டில் இல்லை. டம்ளர் கை தவறி, நாற்காலியில் கிடந்த அவளுடைய கிளிப்பச்சைச் சுங்குடியில் கொட்டியது. அவள் அம்மா கொடுத்த புடவை. இன்று கடைகளில் அச்சடித்த புள்ளிகள்தான் அதிகம். அது கையால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கியது. சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு, பன்னீர் திராட்சைக்கு 2023இல். இரண்டு பெருமையையும் ஒரே டம்ளரில் சேர்த்துவைத்தவன் நான்.

உடனே சோப்புக் கட்டியை எடுத்துத் தேய்த்தேன். கறை நீலம் பாய்ந்தது. திராட்சைத் தோலில் உள்ள ஆந்தோசயனின் புளிப்பில் சிவக்கும், காரம் பட்டால் நீலமாகும். தேய்க்காமல் ஒற்றியெடுத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, ஓரத்தில் சோதித்துவிட்டுக் கொஞ்சம் வினிகர் விட்டிருந்தால் பெரும்பாலும் போயிருக்கும். நானோ பதறிப்போய் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினேன். கறையும் நிறம், சாயமும் நிறம். குளோரின் ஆள் பார்த்து அடிக்காது. கறையோடு பச்சையும் போனது. சாயம் ஏறாமல் கட்டிக் காத்த வெள்ளைப் புள்ளிகள், வெளுத்த திட்டுக்குள் அடையாளமே தெரியாமல் கரைந்தன.

காயவைத்து மடித்து வண்டியில் கொடுத்தேன். விரித்ததுமே அவர் கண்ணில் பட்டுவிட்டது. "சார், இங்கன வெளுத்திருக்கே, பாத்தீங்களா?" என்றார். "பரவாயில்ல, தேய்ங்க" என்றேன்.

மனைவி பார்த்துக் கேட்டபோது, "பெட்டிச் சூடு அதிகமா வச்சிருப்பாரு" என்ற பொய் வாயில் தயாராக இருந்தது. சூட்டில் துணி கருகும், இப்படி வெளுக்காது. அதைக்கூட நான் யோசிக்கவில்லை. அவளும் கோபத்தில் யோசிக்கவில்லை. நேரே வண்டிக்குப் போய்ச் சத்தம் போட்டாள். நானும் கூடவே நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன்.

"சரிக்கா, எங்கிட்டதான் ஏதோ ஆகியிருக்கும்" என்றார். அந்த மாத இஸ்திரிக் காசையும் வாங்கவில்லை.

பயத்தில் சொன்ன பொய் என்று பிறகு எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது பாதி உண்மைதான். கரிப்பெட்டி பிடிக்கிறவர் சொல்லும் என் சொல்லும் எதிரெதிரே நின்றால் தெரு எதை நம்பும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன்.

மனைவி அதற்குப் பிறகு துணியை வேறு இடத்தில் கொடுக்கிறாள். அவருக்கு ஒரு வீட்டு வருமானம் போனது. அவருக்குச் சேர வேண்டிய அந்த மாதக் காசை இன்றுவரை நான் கொடுக்கவில்லை.