தாளம் தவறாத கணினி

லினக்ஸில் இசைப்பதிவு செய்ய எந்த டிஸ்ட்ரோ போடலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மென்பொருள் பட்டியலைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எதில் ஆர்டோர் இருக்கிறது, எதில் ஹைட்ரஜன் இருக்கிறது, எதில் கிட்டாரிக்ஸ் இருக்கிறது என்று. இவற்றை எந்த டிஸ்ட்ரோவிலும் ஓரிரு கட்டளையில் இறக்கிக்கொள்ளலாம். நான் முதலில் பார்ப்பது, மிருதங்கக்காரர் வலந்தலையில் தட்டியதும் அவர் ஹெட்ஃபோனில் அந்த ஒலி எவ்வளவு தாமதித்துக் கேட்கிறது என்பதை.

மைக்கில் விழுந்த ஒலி எண்ணாக மாறி, பஃபரில் சேர்ந்து, மென்பொருள் வழியே போய், மறுபடி ஒலியாகி வெளியே வர ஆகும் நேரத்தைத்தான் லேட்டன்சி என்கிறோம். நொடிக்கு 48,000 சாம்பிள் வீதம் பதிவாகும்போது, 1024 சாம்பிள் பஃபர் நிரம்ப 21 மில்லிசெகண்ட் பிடிக்கும். உள்ளே வர ஒரு பஃபர், வெளியே போக ஒரு பஃபர் என்றால் 40 மில்லிசெகண்டைத் தாண்டிவிடும். விருத்தம் பாடுகிறவர் இதைச் சமாளித்துவிடுவார். மிருதங்கக்காரரால் முடியாது. கை அடித்த நேரமும் காது கேட்ட நேரமும் பிசகினால், துரித காலத்தில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்; காதில் விழுவதற்காகக் காத்திருந்து அவர் காலப்பிரமாணத்தைத் தன்னையறியாமல் பின்னுக்கு இழுப்பார். பஃபரை 128க்கு இறக்கினால் ஒரு பஃபருக்கு 2.7 மில்லிசெகண்ட்தான். ஆடியோ இன்டர்ஃபேஸ் எடுத்துக்கொள்வதையும் சேர்த்து மொத்தம் 8 மில்லிசெகண்ட் என்றே வைத்துக்கொள்வோம். காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர் போகும். ஆக, வாத்தியத்துக்கு மூன்று மீட்டருக்குள் உட்கார்ந்து கேட்பது போலத்தான். கச்சேரி மேடையில் எல்லோருக்கும் பழகிய தூரம் அது.

(இன்டர்ஃபேஸிலேயே நேரடி மானிட்டர் வசதி இருந்தால் குரல், மிருதங்கப் பதிவில் இந்தச் சிக்கல் தெரியாது. கணினிக்குள் ஓடும் கிட்டார் எஃபெக்ட், கீபோர்டு சாம்பிளர் என்று வந்தால் தப்ப வழியில்லை.)

பஃபரைக் குறைக்கக் குறைக்கக் கணினிக்கு அவகாசம் குறையும். அந்த 2.7 மில்லிசெகண்டுக்குள் கெர்னல் வைஃபை டிரைவரையோ வேறொன்றையோ கவனித்துக்கொண்டிருந்தால் ஒலி அறுந்து ‘டப்’ என்று விழும். இதை எக்ஸ்ரன் என்பார்கள். அருமையாக வந்துகொண்டிருக்கும் ஆலாபனையின் நடுவே ஒன்று விழுந்தால் போதும், அந்த டேக் போச்சு. பாடகரைக் கூப்பிட்டு இன்னொருமுறை பாடச் சொல்லலாம். அதே ஆலாபனை திரும்ப வராது.

இதற்காகத்தான் ஆடியோவுக்கென்றே டிஸ்ட்ரோக்கள் பிறந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கணினி இசை மையம் ஃபெடோராவின் மேல் போட்டுக்கொள்ள பிளானெட் சிசிஆர்எம்ஏ என்ற தொகுப்பைத் தந்தது. 2007இல் உபுண்டு ஸ்டுடியோ வந்தது. ஏவி லினக்ஸ், ஃபெடோரா ஜாம் என்று மேலும் சில உண்டு. குறைந்த லேட்டன்சிக்கேற்ற கெர்னல், ஒலிக்கு முன்னுரிமை தரும் அனுமதிகள், மென்பொருள்களுக்கிடையே ஒலியைக் கடத்தும் ஜாக் சர்வர் ஆகியவற்றைச் சேர்த்துத் தந்ததுதான் இத்தகைய டிஸ்ட்ரோக்களின் பெரிய உதவி. இன்று அதில் பாதி பொதுச்சொத்தாகிவிட்டது. ஏறத்தாழ 20 ஆண்டுகளாக வெளியே ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்த ரியல்டைம் திருத்தங்கள், 2024 நவம்பரில் வெளியான 6.12 கெர்னலோடு மூலத்திலேயே சேர்ந்துவிட்டன. விம் டேமன்ஸ் தொடங்கிய பைப்வயர் என்ற ஒலி சர்வர், ஜாக்கின் வேலையையும் அன்றாட ஒலிக்கான பல்ஸ்ஆடியோவின் வேலையையும் ஒன்றாகவே பார்த்துக்கொள்கிறது. யூடியூப் கேட்கவும் ரெக்கார்டிங் செய்யவும் தனித்தனி சர்வர் ஓட்டிய அவதி இதனால் தீர்ந்தது.

ஆகவே இப்போது நான் எடைபோடுவது டிஸ்ட்ரோவின் ஆயுளைத்தான். 64 ஸ்டுடியோ, மியூசிக்ஸ் என்று நல்ல டிஸ்ட்ரோக்கள் இருந்தன. நடத்தியவர்கள் ஓய்ந்ததும் அவையும் நின்றுபோயின. ஐந்து வருஷம் கழித்து ஒரு பழைய பதிவைத் திறந்து வீணையை மட்டும் கொஞ்சம் தூக்கித் தரச் சொல்லிக் கேட்பார்கள். அன்றைக்கு அந்தப் பதிவில் பயன்படுத்திய பிளகின்கள் கிடைக்க வேண்டும். அதனால் என் சிபாரிசு டெபியன் ஸ்டேபிள். அமைப்புகளைத் தானே சரிசெய்யத் தெரியாதவருக்கு உபுண்டு ஸ்டுடியோவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பு. வாராவாரம் மாறிக்கொண்டே இருக்கும் ரோலிங் டிஸ்ட்ரோக்கள் கற்றுக்கொள்ள நல்லவை. அடுத்தவர் காசில் நடக்கும் பதிவை அவற்றில் வைக்கமாட்டேன்.

யார் சொன்னாலும், நான் சொன்னாலும், அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். டிஸ்ட்ரோவைப் பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே பூட் பண்ணுங்கள். உங்கள் இன்டர்ஃபேஸைச் செருகி, பஃபரை 128க்கு வைத்து, அரைமணி நேரம் விடாமல் பதிவு ஓடட்டும். டெர்மினலில் பிடபிள்யூ-டாப் (pw-top) கட்டளை கொடுத்தால் ஈஆர்ஆர் (ERR) என்ற பத்தி வரும்; ஒலி அறுந்தால் அதில் எண் ஏறும். ஏறினால் வைஃபையை அணைத்து, பிராசஸரைப் பெர்ஃபார்மன்ஸ் நிலைக்கு மாற்றி இன்னொருமுறை பாருங்கள். எண் அசையாமல் நின்றால் அந்த டிஸ்ட்ரோவையே போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒரு ஆல்பம் தொடங்கிவிட்டால், அது முடிகிறவரை நெட்டைத் துண்டித்து வையுங்கள், எந்த அப்டேட்டும் போடாதீர்கள்.